அழுக்கு எங்கே போகிறது?

ஒரு கிலோ பனியன் துணிக்கு அடர்சிவப்புச் சாயம் ஏற்ற, சாஃப்ட் ஃப்ளோ மிஷினில் சுமார் எட்டு லிட்டர் தண்ணீர் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு. கறுப்பு, நேவி புளூ போன்ற ஷேடுகளுக்கு 80 கிராமைத் தொடுவதும் உண்டு. பெருக்கிப் பார்த்தால் கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு வருகிறது. ஒரு டி-ஷர்ட்டுக்குக் கைப்பிடி நிறைய. தைத்து, இஸ்திரி போட்டு, பாலித்தீன் உறையில் அடைத்து, பெட்டி கட்டித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பும்போது அந்த உப்பில் ஒரு கல்கூடத் துணியோடு போவதில்லை.

உப்பு ஏன் வேண்டும் என்பது எளிய வேதியியல். பருத்தி தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் பெறுகிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னேற்றம் உள்ளதுதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். இடையில் உப்பு புகுந்து அந்தத் தள்ளலைத் தணிக்கிறது. சாயம் நூலுக்குள் இறங்கியதும் சோடா போட்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அதோடு உப்பின் வேலை முடிந்தது. சாயத்தில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு பிடிக்காமல் கழிவுநீரோடு போகும். உப்போ முழுவதும் போகும்.

போய் எங்கே சேரும்? திருப்பூரைச் சுற்றியுள்ள கல்லூரிகளும் அவற்றின் தலைமைப் பீடமான அண்ணா பல்கலைக்கழகமும் நாற்பது ஆண்டுகளாகச் சாயக்கழிவைப் பற்றிச் செய்துவரும் ஆய்வுகளை எல்லாம் ஒரே கேள்வியில் அடக்கச் சொன்னால் இந்தக் கேள்வியில் அடக்கலாம். வேடிக்கை என்னவென்றால், எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இது தமிழ்நாட்டில் சமயக் கேள்வியாகக் கேட்கப்பட்டுவிட்டது. அதற்குச் சொன்ன பதிலிலும் சலவைத் துறைதான் உவமையாக வந்தது.

சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரின் மாணவர் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்கிறார். உடலும் கருவிகளும் மாயையிலிருந்து வந்தவை. மாயையும் ஒரு மலம், அதாவது அழுக்குதான். அப்படியானால் உயிரைப் பற்றிய ஆணவ மலத்தைக் கழுவ இறைவன் இன்னொரு மலத்தைக் கொடுப்பானேன்? துணி வெளுப்பவர் அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் சேர்த்துத்தானே அழுக்கைப் போக்குகிறார் என்பது அவர் விடை. அழுக்கை எடுக்க இன்னொரு அழுக்கு. சாயப்பட்டறையின் எஃப்ளுவென்ட் தொட்டியில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் கொட்டுகிற ஆபரேட்டருக்கு இந்த உவமையை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

சித்தாந்தம் அதோடு நிற்கவில்லை. கழுவிய மலம் என்னவாகிறது என்ற கேள்வி அடுத்து வருகிறது. ஆணவம் அழிவதே இல்லை, அதன் சக்தி மட்டும் ஒடுங்குகிறது என்பது மெய்கண்டார் மரபின் முடிவு. வீடுபேற்றிலும் மலம் இருக்கும். திருவருள் அதை அடக்கி வைத்திருக்கும், அவ்வளவுதான். இதற்கு அடிப்படையாக இருப்பது சற்காரியவாதம். இல்லாத ஒன்று தோன்றாது, இருக்கிற ஒன்று அடியோடு இல்லாமல் போகாது, வடிவம்தான் மாறும் என்ற கொள்கை அது. 1789-இல் லவாய்சியே பாரிசில் வெளியிட்ட வேதியியல் நூல் பொருள்களின் எடைக்கு இதையே நிறுவியது. சித்தாந்திகள் தராசு வைத்து நிறுக்கவில்லை, லவாய்சியே ஆன்மாவைப் பற்றிப் பேசவில்லை. இரண்டையும் ஒன்று என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது இங்கே தேவையில்லை. தேவைப்படுவது அந்தக் கேள்வியின் பிடிவாதம் மட்டுமே: நீக்கிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், எங்கே நீக்கினாய் என்று திருப்பிக் கேட்பது.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யலின் கரையில், போட்டது மறையாது என்ற இந்த எண்ணம் புதிதும் இல்லை. ஆறு வெள்ளியங்கிரியில் இறங்கிக் கோவையைத் தொடும் இடத்தில் பேரூர் இருக்கிறது. பட்டீசுவரர் கோயிலின் ஐந்து அதிசயங்களைக் கோவைப் பக்கத்துப் பாட்டிமார்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். இறவாப் பனை, பிறவாப் புளி, புழுக்காத சாணம் என்று போகும் வரிசையில் ஒன்று, நொய்யலில் போடும் எலும்பு கல்லாகும் என்பது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆற்றில் போட்டது மறைந்துவிடும் என்று அந்த நம்பிக்கைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கலாம். ஐம்பது கிலோமீட்டர் கீழே, திருப்பூரில்தான் ஆற்றில் விட்டால் போய்விடும் என்று ஒரு தலைமுறை நம்பியது.

அந்த நம்பிக்கையின் விளைவு இன்று எல்லோரும் அறிந்த கதை. 1980-களில் பனியன் ஏற்றுமதி கிளம்பியது. வெள்ளைப் பனியனிலிருந்து கலர் பனியனுக்குத் தொழில் மாறியதும் சாயப்பட்டறைகள் பெருகின. 1992-இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பயன்பாட்டுக்கு வந்தது. கரூர் வரைக்கும் பாசனம் தர வேண்டிய அணை, சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. அணையைத் திறந்துவிடு என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறந்துவிடாதே என்று போராடிய விசித்திரம் இந்த நாட்டில் வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது.

1990-களின் கடைசியில், நீதிமன்ற நெருக்கடிக்குப் பிறகு, பட்டறைகள் பலவும் சேர்ந்து எட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. தனித்தனியாகச் சொந்த நிலையம் வைத்தவர்களும் உண்டு. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுக் கலக்கி, படிய வைத்து, தெளிந்த நீரை ஆற்றில் விடும் முறை. நிறம் குறைந்தது. பார்க்க வந்த அதிகாரிக்குத் தொட்டியின் கடைசியில் ஏறத்தாழத் தெளிந்த தண்ணீரைக் காட்ட முடிந்தது. அதில் கரைந்திருந்த உப்பை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சாயநீர் அதைப்போலப் பல மடங்கு உப்போடு வந்தது. சுண்ணாம்பால் அந்த உப்பைத் தொடக்கூட முடியவில்லை. அது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கரைபொருளைச் சேர்த்ததோடு, லாரி லாரியாகக் கசடையும் உண்டாக்கியது.

நிறம் போயிற்று, உப்பு நின்றது. பல்கலைக்கழக ஆய்வுகளைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது.

அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் உருவானது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944-இல் எழுந்த ஏ.சி. டெக், குரோம்பேட்டையின் எம்.ஐ.டி. ஆகியவற்றையும் கட்டடக்கலைப் பள்ளியையும் ஒன்றாக்கினார்கள். ஏ.சி. டெக்கில் வேதிப் பொறியியலும் ஜவுளித் தொழில்நுட்பமும் உயிர்த் தொழில்நுட்பமும் அடுத்தடுத்த கட்டடங்கள். சுற்றுச்சூழல் பொறியியல் கிண்டிக் கல்லூரியில், நடந்தே போகும் தூரம். கோவை மண்டலத்தில் ஜி.சி.டி., பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., குமரகுரு, பெருந்துறையில் கொங்கு, சத்தியமங்கலத்தில் பண்ணாரி அம்மன் என்று அதன் குடையின் கீழ் வரும் கல்லூரிகளின் வரிசை நீளம். போதாக்குறைக்குக் கோவையிலேயே 1956 முதல் சிட்ரா என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். சாயநீரைப் பற்றி ஆராய இவ்வளவு துறைகள் இவ்வளவு பக்கத்தில் அமைந்த ஊர் உலகில் அதிகம் இருக்காது.

ஆய்வும் நடக்காமல் இல்லை. ஏராளமாக நடந்தது. ஒவ்வொரு துறையும் சாயத்தைத் தன் தன் முறைப்படி பிடித்துப் பார்த்தது. வேதியியல்காரர்கள் பரப்புக்கவர்தலை எடுத்துக்கொண்டார்கள்: தேங்காய் நார்க்கழிவு, வேப்பிலை, நெல் உமி, கடலைத் தோல் எனக் கிடைத்ததை எல்லாம் கரியாக்கிச் சாயநீரில் போட்டு எத்தனை விழுக்காடு நிறம் குறைகிறது என்று அளந்தார்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயமும் கவிதாவும் நார்க்கழிவுக் கரியால் காங்கோ ரெட் சாயத்தை நீக்குவது பற்றி 2002-இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஒன்று. உயிர்த் தொழில்நுட்பக்காரர்கள் பாக்டீரியாவையும் வெள்ளைஅழுகல் பூஞ்சையையும் வளர்த்துச் சாயத்தைத் தின்ன வைத்தார்கள். நானோக்காரர்கள் டைட்டானியம் டை ஆக்சைடைக் கலந்து வெயிலில் வைத்தார்கள். சிவில்காரர்கள் கசடைச் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் சேர்த்துப் பார்த்தார்கள்.

இவற்றில் எதையும் இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சித்தாந்தியின் கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பார்த்தால் சுவாரசியமான பதில்கள் வருகின்றன. கரியில் ஒட்டிய சாயம் எங்கே? கரியில்தான். கரியை என்ன செய்வது என்ற இடத்தில் பெரும்பாலான கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. பாக்டீரியா தின்ற சாயம் எங்கே? அசோ சாயத்தின் நடுவில் உள்ள இரட்டை நைட்ரஜன் பிணைப்பை அது உடைக்கிறது. நிறம் உடனே போய்விடும். உடைந்த துண்டுகளோ அரோமாட்டிக் அமின்கள், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. 1994-இல் ஜெர்மனி சில வகை அசோ சாயங்களுக்குத் தடை போட்டதற்கும் 1997-இல் இந்தியா அதைப் பின்பற்றியதற்கும் காரணம் அந்தத் துண்டுகள்தான். காற்றுள்ள இடத்தில் இன்னொரு கட்டமாகச் சுத்திகரித்தால் அவற்றையும் உடைக்கலாம். அந்த இரண்டாம் கட்டத்தையும் எழுதிய ஆய்வுகள் நேர்மையானவை, எண்ணிக்கையில் அவை சிறுபான்மை. டைட்டானியம் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து பதில் சொல்லும்: சாயத்தைக் கரியமில வாயுவும் நீருமாகச் சிதைத்தேன் என்று. நல்லது. ஆனால் திருப்பூர்ச் சாயநீரில் நிரம்பிக் கிடக்கும் குளோரைடு, அந்த வினையையே மந்தமாக்கிவிடும். ஆய்வகத்தில் சாயத்தைக் கரைத்தது டிஸ்டில்டு வாட்டரில் என்பதால் அங்கே இந்தத் தொல்லை தெரிவதில்லை.

இன்னொரு நுட்பமான விஷயம். பரப்புக்கவர்தல் கட்டுரைகளில் மிக அதிகமாக வரும் சாயம் மெத்திலீன் புளூ. வாங்க மலிவு, அளக்கச் சுலபம், கரியில் விருப்பத்தோடு ஒட்டும். அது நேர்மின் சாயம். திருப்பூர்ப் பட்டறைகள் பருத்திக்குப் போடுவது எதிர்மின் தன்மையுள்ள ரியாக்டிவ் சாயம். பட்டறைக்காரரிடம் மெத்திலீன் புளூ என்று சொன்னால், ஸ்கூல் லேபில் பார்த்த ஞாபகம் என்பார். ஒரு மாதிரிச் சாயத்தை வைத்துக் கோட்பாட்டைச் சோதிப்பது விஞ்ஞானத்தில் தவறே இல்லை, மாணவருக்கு அளவையும் வரைபடமும் பழகக் கிடைக்கும் நல்ல பயிற்சி அது. அந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் திருப்பூர் நொய்யலின் துயரத்தை எழுதி, அதைத் தீர்க்கவே இந்த ஆய்வு என்று சொல்லும்போதுதான் நெருடுகிறது.

ஏன் இப்படி ஆயிற்று? ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. 2016-இல் முதல் பட்டியலை வெளியிட்ட என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பொறியியல் கல்லூரிகளுக்கு ஆய்வுக்கு 30 விழுக்காடு மதிப்பெண். கட்டுரைகளும் மேற்கோள்களும் எண்ணப்படுகின்றன. எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை கூடும், அதில் யாரையும் குறை சொல்ல என்ன இருக்கிறது. ஆனால் இந்தப் பழக்கம் தரவரிசைக்கும் முந்தியது. ஆழமான காரணம் நிறத்தின் கவர்ச்சி. கண்ணுக்குத் தெரியும் குற்றம் அது. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற ஒரு கருவி இருந்தால் போதும், ஆரம்ப அளவு, கடைசி அளவு, 98 விழுக்காடு நீக்கம். உப்பை இப்படி நீக்கிக் காட்ட முடியாது. அது வினைபுரியாது, சிதையாது, எந்தப் பூஞ்சையும் தின்னாது. சித்தாந்தம் ஆணவத்துக்குச் சொல்லும் இலக்கணம் போலவே, தானாகக் காட்டிக்கொள்ளாது, இருக்கும்.

உப்பை மொத்தமாகக் கூட்டி எண்ணியவர்கள் பொருளியலாளர்கள். கிண்டி வளாகத்தை ஒட்டியே இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பால் அப்பாசாமியும் பிரகாஷ் நெல்லியத்தும் திருப்பூர்ச் சாயக்கழிவின் பொருளாதாரத்தை ஆராய்ந்தார்கள். 1980 முதல் 2000 வரையிலான இருபது ஆண்டுகளில் சாய, சலவைப் பட்டறைகள் வெளியேற்றிய கரைந்த திடப்பொருள் சுமார் 23 லட்சம் டன் என்பது அந்த ஆய்வுகளின் கணக்கு. அதில் பாதிக்கு மேல் குளோரைடு. பொருளியலாளர்கள் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் எளிது. அவர்கள் கேட்டது சாயத்தைப் பற்றி இல்லை, கிணறு கெட்டுப்போன விவசாயிக்கு எவ்வளவு நட்டம் என்பதை. பாதிக்கப்பட்டவரிடமிருந்து தொடங்கினால் உப்பு முதலில் கண்ணில் படும்.

பாதிக்கப்பட்டவரைப் பற்றிச் சமயத்துக்கும் சங்கடமான ஒரு இடம் உண்டு. வினைக் கொள்கையில் செய்தவனே பயனை நுகர வேண்டும். நொய்யலில் செய்தவர் ஒருவர், நுகர்ந்தவர் இன்னொருவர். ஊழ் என்று சொல்லி இதை மூடிவிட முடியாது என்று முதலில் தெளிவாகச் சொன்னது நீதிமன்றம். 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அந்தத் தீர்ப்பால் அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம், 2004-இல் நொய்யல் படுகையின் 28,000-க்கு மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. ஒருவருக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. வினையின் பயனைச் செய்தவரிடமே திருப்பி அனுப்பும் வேலையில் நம் சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு அளவு.

பிறகு வந்தது 2011. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது, அதாவது ஜீரோ டிஸ்சார்ஜ் வேண்டும் என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஊரே திகைத்தது. சாயம் போடும் வேலை நிற்குமா? அண்டை மாவட்டங்களில் அனுமதியில்லாப் பட்டறைகள் முளைத்தன, துணி லூதியானா வரை போய்ச் சாயமேறி வந்தது. அழுக்கு இந்த முறை லாரி ஏறியது.

மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உயிரியல் சுத்திகரிப்பு, பல படிகளில் ஆர்.ஓ., அதன் ரிஜெக்ட்டைக் காய்ச்சும் எவாப்பரேட்டர் என்று திரும்ப எழுந்தன. இன்று நிலையத்துக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு பட்டறைக்கே திரும்புகிறது. ஜவுளித் தொழிலில் இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்து காட்டிய ஊர்கள் உலகில் மிகச் சில. பாராட்ட வேண்டிய சாதனை, தயங்காமல் பாராட்டலாம்.

இந்தச் சாதனையின் மையத்தில் உள்ள ஆர்.ஓ. சவ்வு எங்கிருந்து வந்தது? கடல்நீரைக் குடிநீராக்க 1950-களின் முடிவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோயிபும் ஸ்ரீநிவாச சௌரிராஜனும் உருவாக்கிய சவ்வில் தொடங்குகிறது அதன் கதை. திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைக் கொண்ட அந்த விஞ்ஞானி திருப்பூரை நினைத்து அதைச் செய்யவில்லை. ஆகவே, எல்லா ஆய்வும் உள்ளூர்ப் பயனைக் காட்ட வேண்டும் என்று கறாராகப் பேசுபவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். திருப்பூருக்கு என்ன பயன் என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்தச் சவ்வு பிறந்திருக்காது. பயன் எங்கே என்ற கேள்வியும் அழுக்கு எங்கே என்ற கேள்வியும் வேறு வேறு. முதலாவதை ஆய்வாளரிடம் அவசரப்பட்டுக் கேட்கக் கூடாது. இரண்டாவதைக் கேட்காமல் விடக் கூடாது.

ஏனென்றால் ஜீரோ டிஸ்சார்ஜுக்குப் பின்னும் உப்பு இருக்கிறது. எவாப்பரேட்டரில் காய்ச்சி, படிகமாக்கி, சாயமேற்ற உதவும் கிளாபர் உப்பை (சோடியம் சல்ஃபேட்) பிரித்து எடுத்தால் பட்டறைக்கே திரும்பக் கொடுக்கலாம், கொடுக்கிறார்கள். சில நிலையங்கள் காய்ச்சும் செலவைக் குறைக்க, உப்புநீரையே சுத்தப்படுத்திச் சாயத் தொட்டிக்குத் திருப்பிவிடுகின்றன. இவை இரண்டும் சித்தியார் சொன்ன வெளுப்பவர் மெச்சும் வேலை. பிரிக்க முடியாத கலப்பு உப்புதான் மிச்சம். சுண்ணாம்புக் கசடைப்போல அதை சிமென்ட் ஆலைக்கும் அனுப்ப முடியாது, குளோரைடு சூளையைக் கெடுக்கும். ஆகவே அது நிலையத்து ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. அடைமழைக் காலத்தில் அந்த ஷெட்டின் கூரை ஒழுகக் கூடாது. காய்ச்சுவதற்கு வேண்டிய நீராவிக்கு பாய்லரில் விறகு எரிகிறது, மோட்டார்களுக்கு மின்சாரம் ஓடுகிறது. மலம் அழியவில்லை, அடங்கியிருக்கிறது. அடக்கி வைக்கும் சக்தி ஒரு நாள் நின்றாலும் அது வெளியே வந்துவிடும்.

இந்த இடத்தில் சைவத்தை விட்டு, கொங்கு நாட்டின் இன்னொரு பழைய சமயத்திடம் போகலாம். ஊத்துக்குளியைத் தாண்டினால் விஜயமங்கலம். பெருங்கதை பாடிய கொங்குவேளிரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். அங்கே சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் பழைய சமணக் கோயில் உயர்ந்த கோபுரத்தோடு நிற்கிறது. சமணம் வினையைப் பொருளாகவே கருதுகிறது: உயிரின் மேல் வந்து படியும் நுண்ணிய துகள். துகள் உள்ளே வருவதைத் தமிழ்ச் சமண நூல்கள் ஊற்று என்றன, வரவைத் தடுப்பதைச் செறிப்பு என்றன, ஏற்கனவே படிந்ததைக் களைவதை உதிர்ப்பு என்றன. வரிசையில் செறிப்புக்கு அடுத்ததுதான் உதிர்ப்பு. வரவை அடைக்காமல் உதிர்த்துக்கொண்டே இருப்பவனுக்கு வேலை முடிவதே இல்லை.

திருப்பூரைச் சுற்றி நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி உதிர்ப்பைப் பற்றியது. செறிப்பைப் பற்றிய ஆய்வும் உண்டு, அது ஜவுளித் தொழில்நுட்பத் துறைகளில் நடக்கிறது, சத்தமில்லாமல். பருத்தி எதிர்மின்னேற்றம் பெறுவதால்தானே உப்பு வேண்டியிருக்கிறது? சாயமேற்றும் முன் பருத்தியின் மேல் நேர்மின் தன்மையுள்ள ஒரு மூலக்கூறைப் பிணைத்துவிட்டால் சாயம் தானே ஓடிவந்து ஒட்டும். உப்பே வேண்டாம், அல்லது மிகக் கொஞ்சம் போதும். கேட்டயானிக் பருத்தி என்று இதற்குப் பெயர். குறைந்த உப்பில் பிடிக்கும் சாய வகைகள், உப்புக்குப் பதில் மக்கக்கூடிய கரிம உப்புகள் என்று வேறு வழிகளும் ஆராயப்படுகின்றன.

பட்டறையில் இது ஏன் இன்னும் பரவலாக நுழையவில்லை என்று கேட்டால் காரணங்கள் உண்டு. சாயம் ரொம்ப வேகமாக ஒட்டுவதால் ஷேடு திட்டுத்திட்டாக விழும். லேப் டிப்பில் ஓகே ஆன நிறம் 300 கிலோ லாட்டில் மாறும். பையர் ஒரு ஷேடு தள்ளினால் லாட் முழுவதும் நட்டம். கேட்டயானிக் மருந்துக்குச் செலவு, அதைக் கையாள்வதில் ஆபத்து. பிடிக்காமல் மிஞ்சும் மருந்தும் ஒரு கழிவு, அது எங்கே போகும் என்று மறுபடி கேட்க வேண்டியிருக்கும். இவை அனைத்தும் பிஎச்.டி.க்கு உகந்த கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஜவுளி, வேதியியல், கட்டுப்பாட்டுப் பொறியியல் என்று இரண்டு மூன்று துறைகள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மெத்திலீன் புளூவை ஒரு மாணவர் தனியாக நாலு மாதத்தில் முடித்துவிடலாம். ஷேடு திட்டு விழுவதைத் தீர்க்க நாலு ஆண்டு ஆகும், ஒரு கட்டுரைகூட வராமலும் போகலாம்.

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வை எண்ணிக்கையால் அளப்பதில் உள்ள குறை தரம் பற்றியது என்று வழக்கமாகச் சொல்வார்கள். திருப்பூரை வைத்துப் பார்த்தால் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அழுக்கு ஒவ்வொரு துறையின் எல்லையிலும் அடுத்த துறைக்குக் கைமாறுகிறது. நிறத்தை எடுத்தவர் கசடை சிவிலுக்குத் தள்ளினார். நீரை மீட்டவர் உப்பை ஷெட்டுக்குத் தள்ளினார். உப்பைக் காய்ச்சியவர் புகையை வானத்துக்குத் தள்ளினார். ஒவ்வொரு கட்டுரையும் தன் எல்லைக்குள் நூற்றுக்கு 98 பெற்றுத் தேறிவிட்டது. எல்லைகளைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பைப் பெரும்பாலும் எந்தத் துறையும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் கூட்டிப் பார்க்கும் வேலையைத் தத்துவம் செய்தது. இன்று பொறியியல் கல்லூரியில் தத்துவத்துக்கு ஒரு செமஸ்டர்கூட வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

நீக்கம் என்ற சொல் தலைப்பில் இருக்கும் ஒவ்வொரு ஆய்வேட்டிலும் அந்த ஒரு பக்கத்தை அண்ணா பல்கலைக்கழகம் கட்டாயமாக்கலாம்: நீக்கியது எடையில் எவ்வளவு, இப்போது எந்த வடிவில் இருக்கிறது, எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில். புதிய கருவி வேண்டாம், புதிய நிதி வேண்டாம். கூடவே, சாயத்தை டிஸ்டில்டு வாட்டரில் கரைப்பதை விட்டுப் பட்டறைத் தண்ணீரை எடுத்துச் சோதிக்கும்படி வழிகாட்டிகள் மாணவர்களிடம் சொல்லலாம். வீரபாண்டியிலும் சின்னக்கரையிலும் அருள்புரத்திலும் ஆண்டிபாளையத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. கோவையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.